வெள்ளிமலையில் புள்ளைங்க கூட்டம்

அங்கன்வாடியின் முன்சுவரில் மூன்று காலத்துப் பெயிண்ட் தெரிகிறது. மேலே புது மஞ்சளில் ஊட்டச்சத்து மாதம் பற்றிய வாசகம். அது உரிந்த இடத்தில் பச்சையில் எடை பார்க்கும் தராசுப் படம். அதற்கும் அடியில், சுண்ணாம்புக்குள் மங்கிப்போன நீல எழுத்தில் ‘வளரிளம் பெண்’ என்பது வரைக்கும் படிக்க முடிகிறது. மிச்சத்தின் மேல் கரண்ட் மீட்டர் பெட்டியை அடித்துவிட்டார்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை கடைத்தெருவிலிருந்து ஆட்டோ போகிற வரைக்கும் போய், பிறகு மரவள்ளிக் காட்டு வரப்பில் நடந்தால் வருகிற சிற்றூர் இது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. என்னிடம் பேசியவர்களில் பாதிப் பேர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். நான் பார்க்க வந்தது அவர்களுடைய கூட்டத்தைத்தான். அரசுக் காகிதத்தில் அது வளரிளம் பெண்கள் குழு. ஊருக்குள் கேட்டால் ‘புள்ளைங்க கூட்டம்’ என்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை. வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி என்று பழைய கெசட்டியர்கள் பிரித்துச் சொல்லும். கரியாலூர் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடுகிறது. இங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் இது விழுப்புரம், 1993-க்கு முன் தென்னார்க்காடு. மாவட்டத்தின் பெயர் மாறிய கதையில் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கன்வாடி டீச்சர் நாப்கின் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ‘புதுயுகம்’ திட்டத்தில் கொடுப்பவை. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. பள்ளிக்குப் போகிறவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைத்துவிடும். படிப்பை விட்டவர்களுக்கு அங்கன்வாடிதான். அதனால் பாக்கெட் கொடுக்கிற நாளே கூட்டம் நடக்கிற நாளாகவும் ஆகிவிட்டது. “சும்மா கூப்ட்டா ஆத்தாளுங்க அனுப்ப மாட்டாங்க சார். கையில எதாவது குடுக்கறோம்னா வருவாங்க” என்றார் டீச்சர்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். சுடிதாரில் சிலர், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு சிலர். ஒருத்தியின் இடுப்பில் தம்பி. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இரண்டு பேர் மட்டும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். நாப்கின் கொடுத்து முடிக்கிற வரைக்கும் நான் வெளியே புளியமரத்தடியில் இருந்துகொள்கிறேன் என்றேன். டீச்சருக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே கூப்பிட்டபோது நர்சம்மா வந்திருந்தார். கிராம சுகாதாரச் செவிலியர் என்று யாரும் இங்கே சொல்வதில்லை, நர்சம்மாதான். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சிவப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். ஊசிக்குப் பயந்து ஒருத்தி கதவுப் பக்கம் போக, மற்றவர்கள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். இரத்தசோகை மலைக்கு மட்டும் உரிய நோயல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அதாவது கோயம்புத்தூர்ப் பெண்களும் சென்னைப் பெண்களும் சேர்ந்த கணக்கு அது.

வாரத்துக்கு ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை. நர்சம்மா மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் பேசியது பூராவும் டீயைப் பற்றித்தான்.

“மாத்திரையை முழுங்கிட்டு ஒடனே டீ குடிச்சா, மாத்திரையைக் குப்பையில போட்டதுக்குச் சமம்.”

“அப்ப டீ எப்பத்தான் குடிக்கிறது?”

“ஒரு மணி நேரம் பொறுத்துக் குடி. அதுக்குள்ள நெல்லிக்கா கெடச்சா ஒண்ணு கடி.”

தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்ச விடாது. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி உறிஞ்ச உதவும். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயம் இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. காலையில் ஒரு டம்ளர் டீயோடு மரவள்ளிக் காட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள மனையியல் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

சமையல் பக்கத்து அறையில். கேஸ் அடுப்பில் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. இன்னொரு பாத்திரத்தில் சாமை. டீச்சர் அட்டையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, சாமையில் நார்ச்சத்து, மரவள்ளியில் மாவு மட்டும்தான், அதனால் வெறும் கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பாதீர்கள். நிலைப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெல்பர் அக்காவின் மாமியார் அவர்.

“எங்களுக்குச் சாமையைத் தவிர வேற எதுவும் கெடையாது. அரிசிச் சோறுன்னா நோம்பிக்குத்தான். இப்ப இவுங்க வந்து சாமை நல்லது, சாமை நல்லதுன்னு சொல்றாங்க.”

2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலையில்லை. மலையில் அரிசி வந்ததும் உரலும் உலக்கையும் திண்ணைக்குப் போய்விட்டன. குறை சொல்ல எனக்கு மனமில்லை. சாமையைக் குத்தி உமி நீக்குவது எப்படி என்று பாட்டி செய்து காட்டினார். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி உலக்கையைச் சாத்திவிட்டு, “தோளு விட்டுப் போவுது ஆயா, மில்லுல குடுத்தர்லாம்” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. சிறுதானியத்தின் பெருமையைப் பேசுகிற நகரத்து மேடைகளில் யாரும் உலக்கை பிடித்ததில்லை. அரவை யந்திரம் பக்கத்தில் இருந்தால் சாமை தட்டுக்குத் திரும்ப வரும்; இல்லையென்றால் கூட்டம் நடக்கிற நாளில் மட்டும் வரும். விளைகிற மரவள்ளியோ சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு லாரியில் போகிறது. வந்த காசில் கடைச் சாமான்.

தையல் மெஷின் ஒன்று மூலையில். பெல்ட் அறுந்ததைக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு பெண், லைனிங் இல்லாத ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டு இப்போது ஊரில் நான்கு வீட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அளவு எடுக்க நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறாள். படத்தில் கை எங்கே, கழுத்து எங்கே என்று அம்புக்குறி. “லைனிங் வெச்சுத் தெக்கத் தெரிஞ்சா வெள்ளிமலையில கடை போடலாம்” என்றாள். யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

நோட்டு என்றதும் எனக்குக் கனடா நினைவுக்கு வந்தது. அங்கே 1913-இல் மானிட்டோபா மாநிலத்து ரோலண்ட் என்ற சிற்றூரில் சிறுவர் சிறுமியர் சங்கம் ஒன்று தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த இயக்கம் 1952-இல் ‘ஃபோர் எச்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது: தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. செய்து பார்த்துக் கற்றுக்கொள் என்பது அதன் கொள்கை. 1950-களில் ஒன்டாரியோ மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் பக்கத்து வீட்டு அடுப்படியில் கூடி ரொட்டி சுடவும், பழங்களைப் புட்டியில் அடைக்கவும், பாவாடை தைக்கவும், செலவுக் கணக்கு எழுதவும் பழகினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பதிவு நோட்டு. பாடம் முடிந்ததும் எல்லாச் சங்கங்களும் கூடிச் செய்ததைக் காட்டுகிற நாள் ஒன்று உண்டு. பையன்கள் கன்றுக்குட்டி வளர்த்தார்கள், பெண்கள் பொத்தான் துளை தைத்தார்கள். அந்தப் பிரிவினையை இன்று யாரும் பாராட்ட மாட்டார்கள். நானும்தான்.

ஆனால் அந்தச் சங்கங்களை நடத்தியது யார் என்று பார்க்க வேண்டும். அரசின் மனையியல் அலுவலர்கள் பாடம் தயாரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தவர்கள் ஊர் அம்மாமார்கள். 1897-இல் ஒன்டாரியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் பிறந்த ‘விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்’ என்ற மாதர் சங்கம் ஊருக்கு ஊர் இருந்தது. அடிலெய்டின் கைக்குழந்தை இறந்தது. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். பாலைச் சுத்தமாக வைக்கத் தாய்க்குக் கற்றுத் தர யாருமில்லையே என்ற கோபத்தில்தான் மனையியல் கல்விக்காகப் போராடத் தொடங்கினார். அந்த மாதர் சங்கம் பிள்ளைகளின் சங்கத்துக்குத் தாய்வீடு ஆனது. அமைச்சர் மாறினாலும் திட்டத்தின் பெயர் மாறினாலும் அடுப்படிக் கூட்டம் நிற்கவில்லை.

நம் நாட்டிலும் அதே காலத்தில் அப்படியொரு தொடக்கம் இருந்தது. 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. கிராம சேவிகைகள் ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் அமைத்தார்கள். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பயிற்சி தந்தது. 1957-இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அமெரிக்காவின் ஒஹாயோவில் படித்துத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அங்கிருந்து சத்துணவு ஆராய்ச்சியைக் கிராமத்துச் சமையலறை வரைக்கும் கொண்டுபோனார்.

அந்த அலையெல்லாம் சமவெளியோடு நின்றது. இந்த மலை அப்போது சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி முழுதாக முடிவுக்கு வந்தது. நிலைப்படிப் பாட்டியிடம் கேட்டேன். “அவுங்க காட்டுல ஏர் ஓட்டி முடிச்சாத்தான் நம்ம காட்டுக்கு வரணும். கூலின்னு ஒண்ணும் கெடையாது” என்றார். அம்மாவோடு போய்க் களை எடுத்தது ஞாபகம் இருக்கிறதாம். மாதர் சங்கம் என்று யாராவது வந்து கூப்பிட்டார்களா? “எங்கள யாரு சார் கூப்புடுவா.”

சாப்பாடு தட்டுக்கு வந்தது. அடை நன்றாக இருந்தது. சாமையில் உப்பு குறைவு.

சாப்பிட்டுக்கொண்டே டீச்சரின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. சில பெயர்களின் மேல் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் ஒற்றைச் சொல் காரணம். ‘ஹாஸ்டல்’ என்று சில. ‘கேரளா’ என்று சில: மிளகுத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் பெற்றோரோடு போனவர்கள், சீசன் முடிந்தால் வரலாம். ‘கல்யாணம்’ என்று இருந்தவற்றை டீச்சர் விரலால் மறைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். அதில் எத்தனை பேருக்குப் பதினெட்டு ஆகியிருந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பிள்ளைகளில் ஒருத்திதான் பேசினாள். பன்னிரண்டாவது எழுதியிருக்கிறாள். மாமன் மகனுக்கு முடிக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, கூட்டத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்து அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்களாம். யாரும் சண்டை போடவில்லை. டீச்சர் மட்டும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார்: ஒன்று, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டுக்கு முன்னால் முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோர் மேலும் வழக்கு வரும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம்; இரண்டாவது, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். “சட்டத்தக் கேட்டு எங்கப்பா ஒண்ணும் சொல்லல. ஆயிரம் ரூவாயக் கேட்டுத்தான் யோசிச்சாரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் திருமண உதவியாகத் தொடங்கிய திட்டத்தைத்தான் 2022-இல் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் அருமை இந்தத் திண்ணையில் தெரிகிறது.

அடையும் தையலும் இந்தப் பிள்ளைகள் எங்கேயாவது கற்றுக்கொள்வார்கள். ஒருத்தி வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் போய் உட்காரலாம் என்கிற துணிச்சலைக் கூட்டம் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது.

இனி மாவட்டக் கணக்கு. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதில் வளரிளம் பெண்களுக்கு இடமில்லை. 1991-இல் சிறிதாகச் சேர்த்தார்கள். 2000-இல் ‘கிஷோரி சக்தி’. 2010-இல் வந்த ‘சபலா’தான் பெரியது: ஊருக்கு 15 முதல் 25 பெண்கள் கொண்ட குழு, அவர்களில் ஒருத்தி தலைவி, ஆண்டுக்கு 300 நாள் 600 கலோரி துணை உணவு, வங்கிக்கும் தபால் ஆபீசுக்கும் காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டுவது, பதினாறு வயதுக்கு மேல் தொழில் பயிற்சி. தமிழ்நாட்டில் 9 மாவட்டங்களில் மட்டும் அது நடந்தது. சேலம் அதில் உண்டு, திருவண்ணாமலை உண்டு. விழுப்புரம் இல்லை. இதே கல்வராயனின் மேற்குச் சரிவில் கருமந்துறை சேலம் மாவட்டம். அங்கிருந்த மலையாளிப் பெண்ணுக்குச் சபலா உண்டு, கிழக்கே வெள்ளிமலையில் இருந்த அவளுடைய அத்தை மகளுக்கு இல்லை. மலை ஒன்று, சாதிச் சான்றிதழ் ஒன்று, சாமி ஒன்று. நடுவில் மாவட்ட எல்லைக் கல்.

2018-இல் திட்டத்தை எல்லா மாவட்டத்துக்கும் விரித்தார்கள். ஆனால் 11 முதல் 14 வயது வரை, பள்ளியை விட்ட பெண்களுக்கு மட்டும். பிறகு அதையும் மாற்றி 14 முதல் 18 வரை என்றார்கள், வடகிழக்கு மாநிலங்களுக்கும் ‘முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும்’ மட்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மாவட்டங்கள் இரண்டு, இராமநாதபுரமும் விருதுநகரும். கள்ளக்குறிச்சி மறுபடியும் கோட்டுக்கு வெளியே. வயது சரியாக வந்தபோது மாவட்டம் தவறிவிட்டது. ஆகவே நான் பார்த்த கூட்டம் எந்தத் திட்டத்தின் கீழும் நடக்கவில்லை. நாப்கின் ஒரு துறை, மாத்திரை ஒரு துறை, கேழ்வரகு மாவு டீச்சர் கைக்காசு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு இந்த மலையின் மேல் எல்லோர் பார்வையும் விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கை எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. போலீஸ் சாராய ஊறலைத் தேடி ஓடைகளில் இறங்கியது. இந்த மலைப் பெண்களிடம் போய் உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு.

திரும்பி வரும்போது வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி வழியாக வந்தேன். உள்ளே இடம் கிடைத்த பிள்ளைக்குச் சாப்பாடு, படிப்பு, தோழிகள் மூன்றும் ஒரே வளாகத்தில். நல்ல ஏற்பாடு. டீச்சர் நோட்டில் சிவப்புக் கோடு விழுந்த பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள்.

இதற்குப் புதுத் திட்டம் வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. வந்த திட்டங்கள் போன வேகம் சுவரிலேயே தெரிகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1991-92-இல் தென்னார்க்காட்டுக்கு வந்தவை. மலையிலும் இருக்கின்றன, மாதாமாதம் கூடுகின்றன, கணக்கு எழுதுகின்றன, பஞ்சாயத்து அளவில் கூட்டமைப்பும் வைத்திருக்கின்றன. ஒன்டாரியோவில் பிள்ளைகளின் சங்கத்தைத் தாங்கிப் பிடித்தது அம்மாமார் சங்கம் என்றால், இங்கே அந்த அம்மாமார் ஏற்கெனவே வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் பிள்ளைகளின் கூட்டத்தைத் தத்தெடுக்கலாம். மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கூட்டமைப்பின் தீர்மானத்தில் இதை ஒரு வேலையாகச் சேர்க்கச் சொல்வது, மாதம் ஒரு நாள் மாலையில் அங்கன்வாடியைத் திறந்து வைக்க உத்தரவு, லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லித்தர ஒரு ஆள், கேழ்வரகு மாவுக்கு டீச்சர் கையைக் கடிக்காத ஒரு சிறு தொகை. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு முன் அந்த உத்தரவை எழுதிவிடுங்கள்.